பாக்கியம் ஏறாத வண்டி

முத்தியால்பேட்டைக் கன்னியப்பன் தூர லோடு போவதற்கு முந்தின நாள் முடி வெட்டிக்கொள்வார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்கமாட்டார்கள். "நகத்த வுட்டுட்டியே, அதையும்தான் வெட்டிக்குவாரு" என்று சேர்த்துச் சொல்வார்கள். தலைமுடிக்கு எடை உண்டு, எடையை இழுக்க டீசல் வேண்டும், டீசல் என்ன குழாயிலா வருகிறது? இதுதான் கன்னியப்பனின் சித்தாந்தம். தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகிற அளவுக்கு டீசல் மலிவாகக் கிடைக்கிற ஊரில் பிறந்துவிட்டு, அதை மருந்து மாதிரி சொட்டுச் சொட்டாகச் செலவழித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

சின்ன வண்டியாக இருந்தாலாவது அந்தக் கஞ்சத்தனம் பலித்திருக்கும். குட்டியானை என்று சொல்கிறோமே, அந்த மாதிரி வண்டி இல்லை. அந்தக் குட்டியானையைப் பெற்ற தாய் யானை மாதிரி ஒரு பிக்கப். அது தெருவுக்குள் நுழைந்தால் வாசல் கோலமெல்லாம் தானாகவே ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். ஏறுவதற்குப் படி உயரம். சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு மாடியில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

அதை முதலில் வாங்கியவர் சொல்தா இராமதாஸ் முசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவருக்கு எதுவும் "கிரான்" ஆக, பெரிசாக, இருக்கவேண்டும். மீசை கிரான், நாய் கிரான், கட்டின வீடும் கிரான். வீடு கட்ட மணலும் ஜல்லியும் ஏற்ற வண்டி வேண்டுமென்று ஷோரூமுக்குப் போய், இருப்பதிலேயே கிரான் எதுவோ அதைக் காட்டு என்றார். வீடு முடிந்தது. வண்டி வாசலில் நின்றது. சாயங்காலம் முசியே குடிப்பதைவிடக் காலையில் வண்டி குடிப்பது அதிகம் என்று அவர் வீட்டு அம்மாள் கத்தினாள். இரண்டில் ஒன்றை நிறுத்தவேண்டி வந்தபோது முசியே யோசிக்காமல் வண்டியை நிறுத்தினார். அப்படித்தான் அது கன்னியப்பன் கைக்கு வந்தது.

கன்னியப்பன் அதற்கு முன்னால் மில்லில் இருந்தவர். அவருடைய அப்பாவும் மில்தான். மில்லில் வேலை நின்று, சங்கு ஊதுவதும் நின்று, கொஞ்ச நாள் வீட்டில் அடுப்பு ஊதுவதும் நின்றிருக்கிறது. அந்த நாட்களில் அவர் மனசுக்குள் ஏதோ ஒரு திருகாணி இறுகிவிட்டது. அதற்குப்பிறகு எது வீணாகப் போனாலும் அவருக்குப் பொறுக்காது. குழாய் சொட்டினால் எழுந்துபோய் மூடுவார். எதிர் வீட்டுக் குழாய் சொட்டினாலும் எழுந்துபோய் மூடுவார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அந்த வண்டியில் ஒரு வம்பு காத்திருந்தது. டாப் மாடல் வண்டி என்பதால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சை வெளிச்சத்தில் ஒரு எண் ஓடும். இந்த நிமிஷம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று அது சொல்லும். அழுத்தி மிதித்தால் எண் இறங்கும். மெல்ல மிதித்தால் ஏறும். வண்டி நின்றால் அதுவரை தந்த சராசரியைக் காட்டும். கன்னியப்பன் அன்றிலிருந்து ரோட்டைப் பார்த்தது பாதி, அந்த எண்ணைப் பார்த்தது மீதி.

எண்ணை ஏற்றுவதற்கு அவர் செய்த வித்தைகளைத் தெருவே சொல்லும். செருப்பை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவார். தண்ணீர் பாட்டிலில் பாதிதான் நிரப்புவார். ஈ ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அது வெளியேறும்வரை காத்திருப்பார். கல்யாணத்தில் மாமனார் கொடுத்த பித்தளைப் பிள்ளையார் டேஷ்போர்டில் இருந்தார். எடை அதிகம் என்று அவரை வீட்டுக்குள் இறக்கிவைத்துவிட்டு, பதிலாக ஸ்டிக்கர் பிள்ளையாரை ஒட்டிக்கொண்டார். பிள்ளையார் கோபித்துக்கொள்ளவில்லை, பெண்டாட்டி பாக்கியலட்சுமிதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சேதராப்பட்டு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து டவுனுக்குச் சரக்கு எடுப்பதுதான் அவர் தொழில். மேல்காற்று முதுகில் தள்ளுகிற காலை நேரத்தில்தான் லோடு எடுப்பார். மத்தியானத்துக்குமேல் கடல்காற்று எதிர்த்து வரும்போது யார் கூப்பிட்டாலும் வயிற்றுவலி வந்துவிடும். காலி பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஏற்றவே மாட்டார். எடை இல்லையே என்பார்கள். "எடை இல்ல, ஆனா காத்து புடிக்கும், பாய்மரம் கட்டினாப்ல" என்பார்.

ஒருதரம் டீசல் தீர்ந்தது தெரியாமலே சேதராப்பட்டிலிருந்து முத்தியால்பேட்டை வரை ஓட்டிவந்துவிட்டாராம். வாசலில் நின்ற பாக்கியலட்சுமி, "ஏங்க, டீசல் கீசல் இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் வண்டிக்கே ஞாபகம் வந்து நின்றதாம். இதை நம்பாதவர்கள் முத்தியால்பேட்டையில் இல்லை.

பாக்கியலட்சுமிக்குப் பிறந்த ஊர் சேதராப்பட்டுப் பக்கம். விவசாயக் குடும்பம். கருவேப்பிலைக் குச்சி மாதிரி உடம்பு. வாய் மட்டும் மரம். கல்யாணமான புதிதில் அவள் பேச்சைக் கேட்கவே கன்னியப்பன் சீக்கிரம் வீடு திரும்புவார். வண்டி வந்த புதிதிலும் அப்படித்தான். பக்கத்து சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தால் ரோட்டில் போகிற ஆடு, மாடு, போலீஸ்காரர், பேனரில் சிரிக்கிற ஆள் எல்லாருக்கும் ஒரு பேர் வைத்துக்கொண்டே வருவாள். கன்னியப்பன் சிரித்துச் சிரித்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுவார். எண் இறங்கும். "கொஞ்சம் சும்மா வாடி" என்பார். அவள் சும்மா வரமாட்டாள்.

கார்குழலி, அவர்கள் மகள், அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பாக்கியலட்சுமியின் அண்ணன் மகனுக்குக் காது குத்து. விசேஷம் முடிந்து மூன்று பேரும் வண்டியில் திரும்பினார்கள். பின்னால் அண்ணன் ஏற்றிவிட்ட வேர்க்கடலை மூட்டை இரண்டு. நடுவில் குழந்தை தூங்கிக்கொண்டு வந்தது. கோரிமேட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

டீக்கடையில் எஸ்டேட் டிரைவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் சிலம்பரசன் என்று ஒருவன். வாயை லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவன். கன்னியப்பன் பக்கத்துக் கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்தான்.

"என்னாணா, ஊரு பூரா பெருமை பேசிக்கினு திரியற! உன் மாப்ள வண்டி இன்னிக்கு இவ்ளோதான் காட்டுதா? என் ஓட்ட வண்டி இதவிட நல்லா தருமே!"

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. அவரைத் திட்டலாம், அவர் அப்பாவைத் திட்டலாம், மைலேஜைச் சொல்லக்கூடாது.

"டேய், வண்டியக் குத்தம் சொல்லாத. பக்கத்துல ஒரு பாரம் உக்காந்துக்கினு இருக்குதே, அது உன் கண்ணுக்குத் தெரியலையா? அத இறக்கி வுட்டுப் பாரு, அப்புறம் தெரியும் எப்படி தருதுன்னு!"

டீக்கடை கொல்லென்று சிரித்தது. பாக்கியலட்சுமியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பலகாரக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, படியைக்கூடத் தொடாமல் பொத்தென்று கீழே குதித்தாள்.

"இறங்கிட்டேன். போயி பாருங்க, தருதான்னு."

"ஏ, வெளையாட்டுக்குச் சொன்னேன், ஏறு பாக்கியம்."

"நானும் வெளையாட்டுக்குத்தான் இறங்கினேன். போங்க. பஸ்ஸு வரும்."

வேறு எந்த மனிதனாக இருந்தாலும் இறங்கிப்போய் கூடையைப் பிடுங்கி, கையைப் பிடித்து ஏற்றியிருப்பான். கன்னியப்பனுக்கும் அந்த நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போவதற்குள் இன்னொரு நினைப்பு வந்துவிட்டது. உண்மையிலேயே தருமோ? பார்த்துவிட்டால் என்ன? சாவியைத் திருகினார்.

கோரிமேட்டை விட்டு நகர்ந்ததும் பச்சை எண் ஒரு துள்ளு துள்ளியது. ஆஸ்பத்திரி தாண்டியபோது இன்னும் ஏறியது. அவர் வாழ்நாளில் பார்க்காத உயரத்துக்கு ஏறியது. கன்னியப்பன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். குழந்தை எழுந்து, "யப்பா, அம்மா எங்க?" என்று கேட்டது. "பஸ்ல வருது. நீ இத பாரு, எவ்ளோ தருது பாரு!" என்றார். பின்னால் வேர்க்கடலை மூட்டை இரண்டும் ஆடிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு மூட்டையும் பாக்கியலட்சுமியைவிடக் கனம். அவற்றை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

பஸ் பிடித்து, மாறி, கூடையோடு அவள் வீடு வந்து சேர்ந்தபோது கன்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். கோபமாக வருவாள் என்று பயந்தல்ல, சொல்லாமல் இருக்கமுடியாமல்.

"பாக்கியம்! நீ இறங்கினதுதான் தாமசம், சும்மா அள்ளிக் குடுத்துச்சி!"

அவள் கூடையை இறக்கிவைத்தாள். "அப்படியா? நல்லது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கால் கழுவினாள்.

அதோடு முடிந்தது. சண்டை இல்லை, மூக்கைச் சிந்தவில்லை, சோறு வைக்காமல் இருக்கவில்லை. அந்த வண்டியில் மட்டும் அவள் ஏறவில்லை.

"சேதராப்பட்டுதான போறேன், வரியா?" என்று கேட்டால், "எதுக்குங்க, வண்டிக்கு மைலேஜ் கொறஞ்சிடும்" என்பாள், சிரித்த முகத்தோடு. கன்னியப்பன் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்கிறீர்கள்? பெருமையாக எடுத்துக்கொண்டார்! வண்டி மேல் இவ்வளவு அக்கறை உள்ள பெண்டாட்டி எந்த டிரைவருக்குக் கிடைத்திருக்கிறாள் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "உங்க வூட்டுக்காரிங்களும் இருக்காங்களே" என்று மற்றவர்களை வேறு இடித்துக்காட்டினார்.

சரக்கெடுக்கப் போகும்போது அவர் வண்டி காலியாகத்தான் போகும். பிறந்த வீட்டுக்குப் போகிற நாட்களில் அதே ரோட்டில் அவள் பஸ்ஸில், ஜன்னலோரம். சில நாள் அவர் பஸ்ஸை முந்துவார், சில நாள் பஸ் அவரை முந்தும். அவர் ஹாரன் அடிப்பார், அவள் கையாட்டுவாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ இரண்டு பேர் புதிதாகப் பழகுகிற மாதிரி இருக்கும். அவளுடைய அப்பா செத்துப்போனபோது மாலை ஏறியது, பந்தல் கழி ஏறியது, சமையல் அண்டா ஏறியது, பக்கத்து வீட்டு ஜனம் பின்னால் நின்றுகொண்டு வந்தது. அவளும் கார்குழலியும் ஆட்டோவில் முன்னால் போனார்கள். அன்றைக்குக்கூட அவருக்கு உறைக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள், ஆட்டோ தாழ்வாக இருக்கும், ஏற இறங்கச் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டார்.

உறைத்தது இந்த வருஷம் வைகாசியில்தான். உறைக்க வைத்தது வேறு யாரும் இல்லை, அவர் வாயேதான்.

அதே கோரிமேடு, அதே டீக்கடை. சிலம்பரசனும் இப்போது தொப்பை போட்டு, புது வண்டி வாங்கியிருந்தான். அதிலும் அந்த மாதிரி எண் ஓடும்.

"அண்ணா, நேத்து இங்கேர்ந்து டவுனுக்கு இறங்கினேன் பாரு. பத்து மூட்டை, பக்கத்துல என் வூட்டுக்காரி, அவ தங்கச்சி. என்னா தந்துச்சின்ற!"

"போடா, பெரிசா சொல்ல வந்துட்ட" என்றார் கன்னியப்பன், டீயை ஆற்றிக்கொண்டே. "கோரிமேட்டு எறக்கத்துல கட்ட வண்டில டீசல் ஊத்தினாலும் தரும். இதுல என்னா சாமர்த்தியம்? ஆளு ஏறினாலும் தரும், இறங்கினாலும் தரும். சேதராப்பட்டுலேர்ந்து இது வரைக்கும் மேடு, கொறையும். இங்கேர்ந்து பள்ளம், ஏறும்."

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்குத் தெரியாத இறக்கம் இல்லை அது. எத்தனையோ வருஷமாக அங்கே வந்ததும் காலை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுகிற ஆள். அந்த இறக்கம் தனியாக அவருக்குத் தெரியும். பாக்கியம் இறங்கிய நாள் தனியாக ஞாபகம் இருக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் அவர் நினைத்ததே இல்லை. எண்ணைக் குறைத்ததும் ரோடு, கூட்டியதும் ரோடு. பழி மட்டும் கருவேப்பிலைக் குச்சி மேல்.

"என்னாணா, டீ சுட்டுடுச்சா?"

"இல்லடா" என்றார். மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டி ஏறினார். கன்னியப்பன் டீயைக் கொட்டியதை அன்றைக்குத்தான் சிலம்பரசன் பார்த்தான்.

அன்று வீட்டுக்குப் போய் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லாமலே ஏற்றிவிடலாம் என்று பார்த்தார். பித்தளைப் பிள்ளையாரைத் துலக்கிப் பழைய இடத்தில் வைத்தார். "அடடே, சாமிக்கு எடை கொறஞ்சி போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பாக்கியலட்சுமி பூக்கட்டப் போய்விட்டாள். பக்கத்து சீட்டுக்குப் புது உறை போட்டார். "யாரு உக்காரப் போறா?" என்றாள். ஒருநாள் மழை கொட்டியது. பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றிருக்க, வண்டியைக் கொண்டுபோய் அவள் எதிரிலேயே நிறுத்திக் கதவைத் திறந்தார். "ஏறு பாக்கியம், நனையற."

"பஸ்ஸு வந்துடுங்க. உங்களுக்கு எதுக்கு மைலேஜ் கொறையணும்?"

அதே சிரிப்பு. இத்தனை வருஷமாக அவருக்கு இனித்த அதே வார்த்தை. இப்போது அது மீன் முள் மாதிரி குத்தியது. பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நகர்ந்தார்.

புரட்டாசி பிறந்ததும் இன்னொன்று சேர்ந்துகொண்டது. வண்டிக்கு வயசாகிவிட்டது, அடுத்த எஃப்.சி. சோதனைக்குத் தாங்காது. அவருக்கும் இடுப்பு தாங்கவில்லை. தேங்காய்த்திட்டில் மீன் ஏற்றுகிற வெற்றிவேல் என்பவர் வந்து பார்த்து, பேசி முடித்துவிட்டார். ஆயுத பூஜையை உங்கள் வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். அது நசுங்க வண்டி நகரும்போது வீட்டு ஜனம் மொத்தமும் வண்டிக்குள் இருக்கவேண்டும். அப்படியே ஊரை ஒரு ரவுண்டு போய்வர வேண்டும். அப்போதுதான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. கன்னியப்பன் வீட்டில் மட்டும் வருஷா வருஷம் பாக்கியலட்சுமி முன் கண்ணாடிக்குக் குங்குமம் வைத்துவிட்டு, கற்பூரத் தட்டோடு உள்ளே போய்விடுவாள். குழந்தையாக இருந்தவரை கார்குழலி ஏறினாள். அப்புறம் அவர் தனியாகச் சுற்றிவிட்டு வருவார்.

இந்த வருஷம் கார்குழலி மாமியார் வீட்டிலிருந்து வந்திருந்தாள். அப்பா காலையிலிருந்து வண்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள்.

"யப்பா, நாளைக்கு வண்டி போயிடும். வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்."

"என்னான்னு சொல்றது?"

"எனக்கு என்னா தெரியும்? நான் அன்னிக்குத் தூங்கிட்டு இருந்தேன்."

பூசணிக்காய் உடைந்தது. பாக்கியலட்சுமி குங்குமம் வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் கதவைத் திறந்து இறங்கினார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

"பாக்கியம், அன்னிக்குக் கோரிமேட்டுல வண்டி தந்துச்சே, அது நீ இறங்கினதால இல்ல."

அவள் நின்றாள்.

"எறக்கம். கோரிமேட்டுலேர்ந்து பூரா எறக்கம். உன்னால இல்ல. உன்ன ஏத்திக்கினு வந்திருந்தாலும் தந்திருக்கும். எனக்கு இப்பதான்... வைகாசிலதான்..."

"அது எறக்கம்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். சத்தமில்லாமல்தான் சொன்னாள். "எங்கப்பா சைக்கிள்ல முன்னால உக்காந்து எத்தன வாட்டி வந்திருக்கேன் அதுல. கோரிமேடு வந்தா மிதிக்கவே மாட்டாரு. அன்னிக்கு பஸ்ல வரும்போதே தெரியும், இன்னிக்கு இந்த ஆளுக்கு நெறைய காட்டும்னு."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே! அன்னிக்கே ரெண்டு அறை அறைஞ்சி சொல்லியிருக்கலாமே!"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். மொத வருஷம் பாத்தேன். அப்புறமும் கொஞ்ச நாள் பாத்தேன்." தட்டிலிருந்த கற்பூரம் அணைந்துவிட்டிருந்தது. அதை விரலால் ஓரமாகத் தள்ளினாள். "அப்புறம் பஸ்ஸு பழகிடுச்சி."

கன்னியப்பன் வண்டியைச் சுற்றி நடந்தார். பக்கத்து சீட்டுக் கதவைப் போய்த் திறந்தார். "ஏறு" என்றார். கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை, நடுவில் எங்கேயோ நின்றது அந்த வார்த்தை.

பாக்கியலட்சுமி வண்டியை மேலும் கீழும் பார்த்தாள். தட்டை மகள் கையில் கொடுத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். எதிர் வீட்டு அஞ்சலாட்சி, "ஏறுடி ஏறு, மகாராணி!" என்று கத்தினாள்.

வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். கதவைப் பிடித்து எம்பினாள். முட்டி மடங்கியது, மடங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. இறங்கி, இடது காலை வைத்துப் பார்த்தாள். அது மடங்கவே இல்லை. கார்குழலி ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்தாள். ஸ்டூலில் ஏறிவிட்டாள், ஸ்டூலிலிருந்து சீட்டுக்குப் போக முடியவில்லை. மகள் பின்னாலிருந்து தள்ள, அவர் முன்னாலிருந்து கையைப் பிடித்து இழுக்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மகளுக்கும் வந்துவிட்டது. சிரிப்பு நடுவிலேயே, "ஐயோ" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வேணாங்க. விட்டுடுங்க. பஸ்ஸு படின்னா தாழ்வா இருக்கும். இது ஏற வராது."

"பின்னாடி கதவ இறக்கறேன், அதுல உக்காரு..."

"என்னா, கடலை மூட்டையா நானு?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்குப் படியக்கூடத் தொடாம குதிச்சேனே. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அந்தப் பொத்தென்ற சத்தம்கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கால் இருந்த காலமெல்லாம் அவள் பஸ்ஸுக்கு நின்றாள். கால் போன பிறகு அவர் கதவைத் திறந்திருக்கிறார்.

"நீங்க ரவுண்டு போங்க. பூச போட்ட வண்டி நிக்கக் கூடாது."

அவர் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பார்த்தால், அவள் உள்ளே போகவில்லை. கதவோரமாக, ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். அவர் முதல் கியரிலேயே விட்டார். ஆள் நடக்கிற வேகத்தில் முதல் கியரில் போனால் அந்த வண்டி குடிக்கிற குடியை இராமதாஸ் முசியேகூடத் தாங்கியிருக்கமாட்டார். பச்சை எண் இறங்கி, இறங்கி, அதற்குக் கீழே போக இடம் இல்லாத இடத்தில் நின்றது. பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. கன்னியப்பன் பிரேக்கில் காலை வைத்தபடி அவள் நடைக்கு ஏற்ற மாதிரி விட்டு விட்டு நகர்த்தினார்.

"ரொம்ப வலிக்குதா?"

"நடந்தா வலிக்கல. ஏறினாதான்."

தெருமுனை வந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கடற்கரை. நடுவில் ஒரு நீளமான மதில்.

"ஏங்க."

"ம்."

"மேல உக்காந்து பாத்தா, இந்த மொனையில அந்த மதிலுக்கு மேல கடல் தெரியுமாமே? கொழலி சின்னதுல சொல்லும்."

தினமும் இரண்டு தரம் அந்த முனையைத் தாண்டுகிறவர். திரும்பும்போது எண் இறங்கும் என்று எப்போதும் கண் உள்ளேதான் இருக்கும்.

"நான் பாத்ததில்ல பாக்கியம்."

"இப்பப் பாருங்க."

வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மதிலுக்கு மேல் ஒரு படகின் கொடி. அதற்கு அப்பால் ஒரு முழம் அகலத்துக்குக் கடல், புரட்டாசி வெயிலில் ஈயம் பூசின மாதிரி.

"தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

இந்த நிமிஷம் லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். இதற்கு இன்னொரு தரம் பார்க்கவேண்டியிருந்தது.

"பெரிசா இருக்கு" என்றார்.

"கடலு பெரிசாதான் இருக்கும்" என்று சிரித்தாள் பாக்கியலட்சுமி. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, வலி குறைந்த காலில் பாரத்தைப் போட்டு, குதிகாலைத் தூக்கி எம்பிப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு மதில்தான் தெரிந்தது.